இடது கம்பத்து மாலக்கி

மாலக்கி ஹெஸ்லினைத் தேடுகிறவர்கள் முதலில் ஒரு கம்பத்தைத் தேட வேண்டும். ஞாயிறு பூசையில் அவர் உட்காருவதில்லை. பின்வரிசைக்கும் பின்னால், இடது தூணில் முதுகைச் சாய்த்து நிற்பார். சாவு வீடென்றால் வாசல் கேட்டின் தூண். மாட்டுச் சந்தையென்றால் ஏலக் கூண்டின் இரும்புக் குழாய். “அந்தாளு சாஞ்சிருக்கற வரைக்கும்தான் நம்ம கோவில் நிக்கும்,” என்பார் அவருடைய நண்பர் சிரில் மல்வி.

காரணம் அயர்லாந்தில் எங்கள் லீட்ரிம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இருபத்தேழு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நின்ற இடம் அது: எங்கள் நாட்டு ஆட்டமான கேலிக் (Gaelic) கால்பந்தின் மைதானத்தில், கோலின் இடது கம்பத்தடியில், வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக, காலடியில் இரண்டு கொடிகளுடன். வலது கம்பத்தில் சிரில்.

வயது அறுபத்து மூன்று. காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுவார். நடுவில், கோரைப்புல் மண்டிய நிலத்தில் பதினெட்டு மாடுகளோடு மல்லுக்கட்டுவார். இளவயதில் ட்ரம்கீலன் கிளப்புக்காகப் பதினொரு ஆண்டுகள் ஆடினார், தற்காப்பு வரிசையில். பதினொரு ஆண்டில் ஒரு புள்ளிகூட அடித்ததில்லை. அடித்துப் பார்க்கும் ஆசை வந்ததாகவும் தகவல் இல்லை.

அப்படிக் கம்பத்தடியில் நிற்கும் அம்பயர் ஆனது ஒரு பசுவால். அவருடைய மனைவி டிம்ப்னாவின் தம்பி ஃபெலிம் ரின் சுவர் பூசும் வேலைக்காரர், 1992இல் நடுவரானார். எங்களிடம் மாவட்டக் குழு நடுவரை மட்டும்தான் நியமிக்கும். நான்கு அம்பயர்களை அவர்தான் தன் காரில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். எனவே அண்ணன், தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரன் என்று யார் கிடைக்கிறார்களோ அவர்கள். ஒரு சனிக்கிழமை ஃபெலிமின் நால்வரில் ஒருவருக்குப் பசு கன்று ஈனும் நேரம், வர முடியவில்லை. “இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நில்லு மச்சான்,” என்று ஃபெலிம் கேட்டார். மாலக்கி நின்றார். கன்று நல்லபடியாகப் பிறந்தது. பசுவின் சொந்தக்காரர் கடைசிவரை தன் இடத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து காரில் இடங்கள் மாறியதே இல்லை. ஃபெலிம் ஓட்டுவார், பக்கத்தில் மாலக்கி, பின்னால் சிரிலும், ஃபெலிமின் சித்தப்பா மகன்கள் இருவரும். மடியில் டிம்ப்னா கட்டிக்கொடுத்த முட்டை வெங்காய சாண்ட்விச். மறுமுனைக் கோலுக்குப் போகிற அந்தச் சித்தப்பா மகன்கள் இருவரும் பெரிதாகப் பேசுவதில்லை. சிரில் அவர்களுக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

வேலை என்னவோ எளிதுதான். உதைத்த பந்து குறுக்குக் கட்டைக்கு மேலே, இரு கம்பங்களுக்கு நடுவே போனால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. கட்டைக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளிக்குச் சமம்; பச்சைக் கொடி. வெளியே போனால் வைடு. கொடி கிடையாது, இரண்டு கைகளையும் குறுக்கே வீசி அகல விரிக்க வேண்டும். சிக்கல் வருவது, பந்து கம்பத்தின் உச்சியைவிட உயரமாகப் போகும்போது. அங்கே கம்பம் கிடையாது. வானமும், பெரும்பாலும் மழையும்தான்.

“பந்தைப் பாக்கறவன் ஏமாந்துருவான்,” என்பார் மாலக்கி. “கம்பத்துல முதுகை ஒட்டு. நேரா மேல பாரு. கம்பம் முடிஞ்ச எடத்துக்கு அப்புறமும் கம்பத்தைப் பாரு. பந்து தானா வந்து, உள்ளயா வெளியயான்னு சொல்லிட்டுப் போவும்.”

அவர் கைகள் அப்படிப் பழகியிருந்தன. பந்து கடந்ததும் காத்திராமல் எழும். மைதானத்தில் எல்லோரும் இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருக்கையில் மாலக்கி தீர்ப்பைச் சொல்லி முடித்திருப்பார். பல போட்டிகளில் அவர் கொடியை நம்பி, மேலே பார்க்காமலேயே நான் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் புள்ளிக் கணக்கைக் குறித்துக்கொண்டிருக்கிறேன். தவறியதில்லை.

இத்தனைக்கும், ஒரு நாள் மட்டும் அவருக்கு வாய்க்கவே இல்லை: மாவட்ட இறுதிப் போட்டி. அதற்கு ஆண்டுக்கு ஒரே நடுவர், அவரோடு நாலே அம்பயர்கள். 2007இல் ஃபெலிமுக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. டிம்ப்னா ஸ்லைகோவுக்குப் போய் நான்கு புதுக் கோட்டுகள் வாங்கி வந்தார், இறைச்சிக்கடைக்காரர்கள் அணியும் நல்ல கனத்த வெள்ளைக் கோட்டுகள். போட்டி வேறொருவருக்குப் போனது. கோட்டுகள் மெல்லிய தாளில் சுற்றி அலமாரிக்குள் போயின. 2013இல் அதே பேச்சு எழுந்தபோது ஒருமுறை வெளியே வந்து, வெயில் கண்டு, திரும்ப உள்ளே போயின. மாலக்கி ஏதாவது தேடி அந்த அலமாரியைத் திறந்தால் டிம்ப்னா அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பார்: “அதைத் தொடாதே! அது ஃபைனல் கோட்டு!”

2019இல் ஃபெலிமின் முழங்கால் ஒத்துழைப்பதை நிறுத்தியது. நவம்பரில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். “இந்த வருஷத்தோட விசிலைத் தொங்கவிட்டுர்றேன்,” என்று அறிவித்தார். ஆகஸ்டில் மாவட்டக் குழுவின் செயலர் தொலைபேசியில் அழைத்து, இந்த ஆண்டு இறுதிப் போட்டி உங்களுக்குத்தான் என்றார். வழக்கமான ஒரு நிபந்தனையோடு: நடுவரின் சொந்த கிளப் இறுதிக்கு வந்துவிடக் கூடாது. வந்தால் வேறு நடுவர்.

இதை ஃபெலிம் காரில் சொன்னபோது ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்சீட்டு ஊமைகள் இருவர் உட்பட. அவர்களுடைய ட்ரம்கீலன் கிளப் இறுதிக்கு வருவதா? அரையிறுதி ஆடியே முப்பத்தொரு ஆண்டுகள் ஆகின்றன!

அந்த ஆண்டு பார்த்து ட்ரம்கீலன் ஜெயிக்க ஆரம்பித்தது.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தபோது அதிர்ஷ்டம் என்றார்கள். இரண்டாவதில், எதிரணியில் நான்கு பேருக்குக் காய்ச்சல் என்றார்கள். காலிறுதியில் நகரத்து கிளப் ஒன்றை ஐந்து புள்ளி வித்தியாசத்தில் மண்ணைக் கவ்வ வைத்ததும் பேச்சை நிறுத்தி கிளப்பின் மஞ்சள் கறுப்புக் கொடிகளை வெளியே எடுத்தார்கள். தந்திக் கம்பமெல்லாம் கொடி. யாரோ தன் ஆடுகளுக்கே மஞ்சள் சாயம் பூசி ரோட்டோர வயலில் விட்டிருந்தார். அந்த ஆட்டத்தில் ஏழு புள்ளிகள் அடித்தவன் ஃபீக்ரா ஹெஸ்லின்: இருபத்தாறு வயது, எலக்ட்ரீஷியன், மாலக்கியின் ஒரே மகன்.

மாலக்கியின் நிலைமையை ஊர் உடனே புரிந்துகொண்டது. எங்கள் ஊரில் பிறர் சங்கடத்தைப் புரிந்துகொள்வதில் யாரும் தாமதிப்பதில்லை.

“என்ன மாலக்கி, யாருக்காக மெழுகுவத்தி ஏத்தற?” என்றார் கடைக்கார கன்செப்டா, பால் பாக்கெட்டை நீட்டியபடி. “மகனுக்கா, கோட்டுக்கா?”

“ரெண்டுக்கும் ஒண்ணு ஒண்ணு.”

“ஒண்ணு அணைஞ்சாத்தானே இன்னொண்ணு எரியும்!”

அரையிறுதிக்கு முந்தைய ஞாயிறு, பங்குத்தந்தை அணிக்காகச் செபிக்கச் சொன்னார். கோவிலில் இருந்த நூற்றிருபது பேரும் பலிபீடத்தைப் பார்க்கவில்லை. திரும்பி இடது தூணைப் பார்த்தார்கள், அவர் ‘ஆமென்’ சொல்கிறாரா என்று. மாலக்கி உரக்கச் சொன்னார். “ரொம்ப உரக்கச் சொல்லிட்டே. சந்தேகம் ஜாஸ்தியாயிடுச்சு,” என்று வெளியே வந்ததும் சிரில் குறைப்பட்டுக்கொண்டார்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, கேரிக் மைதானத்தில் அரையிறுதி. ட்ரம்கீலனும் க்ளூன்மோரும். நடுவர் மாவட்டத்தின் வடமுனையிலிருந்து வந்தவர். அவர் கூட்டி வந்த அம்பயர்களும் அந்தப் பக்கத்து இளைஞர்கள். மாலக்கி அன்று வெறும் பார்வையாளர். டிக்கெட் வாங்கி உள்ளே வந்தார், மஞ்சள் கறுப்புத் துண்டு போர்த்தியிருந்தார். பார்வையாளர் மேடையில் இடம் இருந்தது. அவர் கால்கள் கேட்கவில்லை. கோலுக்குப் பின்னால், கம்பி வேலியை ஒட்டி, சரியாக இடது கம்பத்துக்கு நேராகப் போய் நின்றார். அவரைச் சுற்றி ட்ரம்கீலன் ஆட்கள் ஒரு முந்நூறு பேர்.

ஆட்டம் நன்றாக இருந்தது என்று எழுதினால் போதாது. இரண்டு அணிகளும் மாறி மாறி ஒரு புள்ளி முந்தின. கடைசி நிமிடத்தில் க்ளூன்மோர் பதினான்கு, ட்ரம்கீலன் பதின்மூன்று. பந்து ஃபீக்ராவின் கைக்கு வந்தது. வலப்பக்கம், கோலிலிருந்து நாற்பது மீட்டர். ஒருவனை ஏமாற்றி உள்ளே வெட்டி, உதைத்தான். பந்து இடது கம்பத்தின் உச்சியைத் தாண்டி மழைத்தூறலுக்குள் ஏறியது. புள்ளியானால் சமன், மறு ஆட்டம். இல்லையென்றால் அவ்வளவுதான்.

கம்பத்தடியில் நின்ற இளம் அம்பயர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றான். கை எழவில்லை. ஃபீக்ரா இரு கைகளையும் உயர்த்திவிட்டான். முந்நூறு பேரும் “உள்ள! உள்ள!” என்று கத்தினார்கள்.

முந்நூறு பேரில் ஒருவர் மட்டும் இரண்டு கைகளையும் குறுக்கே வீசி அகல விரித்தார்.

அடுத்த நொடியே அம்பயரும் கைகளை விரித்தான். வைடு. நடுவர் கடைசி விசிலை ஊதினார்.

வேலியருகே சத்தம் அப்படியே நின்றுபோனது. மாலக்கி தன் கைகளைப் பார்த்தார். இன்னும் விரிந்தே இருந்தன. மடக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“யோவ்,” என்றார் பின்னால் நின்றவர், மெதுவாக. “நீ யாரு பக்கம்?”

அன்று மாலைக்குள் வீடியோ ஊர் முழுவதும் போய்விட்டது. யாரோ மேடையிலிருந்து போனில் எடுத்தது. பந்தை அதில் சரியாகப் பார்க்க முடியாது. ஆனால் மாலக்கியின் கைகள் தெளிவாகத் தெரிந்தன. அம்பயரின் கைகளுக்கு ஒரு விநாடி முன்பாகவே அவை விரிவதும் தெரிந்தது. அந்தப் பையன் அவரைப் பார்க்கவில்லை, அவனுக்கு முதுகுதான் வேலிப்பக்கம் இருந்தது என்று சிலர் சொன்னார்கள். பார்க்காவிட்டால் என்ன, ஆசை தெரிந்துவிட்டதே என்றார்கள் மற்றவர்கள். ஃபைனலில் கோட்டுப் போட்டு நிற்க வேண்டும் என்று சொந்த மகனின் பந்தையே வெளியே அனுப்பியவன்.

திங்கட்கிழமை பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கிய பத்தொன்பது பிள்ளைகளும் படியில் நின்று, திரும்பி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டே இறங்கினார்கள்.

“கையை மடக்குங்கடா, கதவு இடிக்கும்,” என்றார் மாலக்கி.

கடையில் கன்செப்டா ரொட்டியைக் கல்லாவின் ஒரு ஓரத்தில் வைத்துவிட்டு, “ஐயோ, வெளிய வச்சிட்டேனா?” என்றார். பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் தூணுக்குப் பக்கத்திலிருந்தவர் கையை நீட்டவில்லை, இரண்டையும் விரித்தார். இவையெல்லாம் வேடிக்கைதான். வேடிக்கை செய்கிறவர்களைப் பற்றி மாலக்கிக்குக் கவலை இல்லை. வேடிக்கை செய்யாமல் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் முதல் ஆள் ஃபீக்ரா. ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் அவன் வீடு. அந்த வாரம் முழுவதும் இந்தப் பக்கம் வரவில்லை. வேனை எடுக்கும்போது கையசைப்பான், ஒரு கையை மட்டும்.

அந்த வாரமே, புதன்கிழமை, ஃபெலிம் நொண்டிக்கொண்டே வந்தார். முகமெல்லாம் பல்.

“வந்துருச்சு மச்சான்! மாவட்டக் குழுவிலேருந்து போன். அக்டோபர் இருபது. ஃபைனல் நம்மளுது!”

டிம்ப்னா தம்பியைக் கட்டிக்கொண்டார். நேராக அலமாரிக்குப் போய்த் தாளைப் பிரித்து நான்கு கோட்டுகளையும் நாற்காலிகளின் முதுகில் விரித்துப் போட்டார். பன்னிரண்டு ஆண்டு அந்துருண்டை வாசனை அடுக்களை முழுக்க நிரம்பியது.

மாலக்கி சுவரோரம் நின்றிருந்தார். “நான் வரல,” என்றார்.

“எங்க வரல?”

“ஃபைனலுக்கு. வேற ஆளைப் பாரு. அந்தப் பசு வச்சிருந்தவரைக் கேளு.”

“அவரு செத்து நாலு வருஷமாச்சு! என்ன பேசற நீ?”

“நான் அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு நின்னா என்ன சொல்லுவாங்க? இதுக்குத்தான் கையை விரிச்சான்னு சொல்லுவாங்க. என் மவனும் அதைத்தான் நெனைக்கறான்.”

“ஊரு சொல்றதுக்கெல்லாம் கொடி தூக்கறதுன்னா நாம அன்னிக்கே மாட்டைப் பாக்கப் போயிருக்கலாம்,” என்றார் ஃபெலிம். பிறகு குரல் மாறியது. “கேளு மச்சான். இருவத்தேழு வருஷமா இந்தக் கார்ல அஞ்சு பேரு. அஞ்சு பேரும் போறதுன்னா போறோம். இல்லைன்னா நான் போன் பண்ணி வேற நடுவரைப் போட்டுக்கங்கன்னு சொல்லிர்றேன். ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லு.” வாசலுக்குப் போனவர் திரும்பினார். “அது வைடுதானே?”

“வைடு.”

“அப்புறம் என்ன கேடு உனக்கு?” என்று கத்திவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

டிம்ப்னா கோட்டுகளைத் திரும்ப அடுக்கவில்லை. நாற்காலிகளிலேயே விட்டுவிட்டார். நான்கு நாட்கள் அவர்கள் நான்கு வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டே தேநீர் குடித்தார்கள். சனிக்கிழமை டிம்ப்னா ரோட்டைத் தாண்டிப் போய் மகனின் கதவைத் தட்டினார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். மறுநாள் மதிய உணவுக்கு ஃபீக்ரா வந்தான்.

மாட்டிறைச்சி, மசித்த கேரட், இரண்டு விதமாகச் சமைத்த உருளைக்கிழங்கு. கோட்டுகளைத் தள்ளி உட்கார வேண்டியிருந்தது. இறைச்சியில் பாதி தீர்ந்தது. பிறகு ஃபீக்ரா தட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

“அது வைடுதான்.”

டிம்ப்னா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

“பூட்ஸை விட்டுக் கிளம்பும்போதே தெரிஞ்சுபோச்சு. வெளிப்பக்கமா பட்டுச்சு. ஒரு அடி வெளிய.”

“ஒண்ணரை அடி,” என்றார் மாலக்கி.

“மாலக்கி!” என்றார் டிம்ப்னா.

“ஒண்ணரை அடிதான். ஒரு அடின்னா எப்படிச் சொல்றது?”

ஃபீக்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். “சரி, ஒண்ணரை. எனக்கு அது கோவம் இல்லப்பா. நான் கையைத் தூக்கிட்டு நிக்கறேன். வெளியன்னு தெரியும், இருந்தாலும் அந்த அம்பயர் பையன் கை எழும்பல பாரு, சரி, தந்தாலும் தந்துருவான்னு நெனைக்கறேன். மொத்த ஊரும் கத்துது. உன்னைப் பாக்கறேன், நீ அதுக்குள்ள விரிச்சுட்ட. ஏம்ப்பா அவ்ளோ அவசரம்? ஒரு செகண்ட் விட்டிருக்கக் கூடாதா? அந்த ஒரு செகண்டாவது நான் தோக்காதவனா நின்னுருப்பேன்ல.”

மாலக்கி கத்தியையும் முட்கரண்டியையும் தட்டில் வைத்தார். தன் கைகளை மேசைமேல் வைத்துப் பார்த்தார்.

“கை தானாப் போச்சுடா. நெசம்.”

“தெரியும்.”

“முழுசாத் தெரியாது. ஒரு வாரமா யோசிச்சேன். கை தானாத்தான் போச்சு. ஆனா போனதுக்கு அப்புறம்...” தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தார். “கோட்டு ஞாபகம் வந்துச்சு. விரிச்ச கையோட நிக்கறேன், மனசுல கோட்டு. ஒனக்காக வருத்தப்படறதுக்கு முன்னாடி அதுதான் வந்துச்சு.”

வெளியே மழை ஓட்டின்மேல் தட்டிக்கொண்டிருந்தது. ஃபீக்ரா எட்டி, பக்கத்து நாற்காலியிலிருந்த கோட்டின் கையைப் பிடித்துப் பார்த்தான், துணிக்கடையில் பார்ப்பதுபோல.

“இது ஒனக்குப் பொத்தான் மாட்டாதே.”

“ரெண்டாயிரத்து ஏழுல மாட்டுச்சு,” என்றார் டிம்ப்னா. “நான் பிரிச்சுத் தெச்சுத் தர்றேன்.”

“போய் நில்லுப்பா,” என்றான் ஃபீக்ரா. “நீ போகலன்னா ஊரு சொன்னது சரின்னு ஆயிரும். ஃபெலிம் மாமாவும் என்னைத்தான் திட்டும். ஆனா ஒண்ணு. எவனாவது கையைத் தூக்கிட்டு நின்னா, ஒரு செகண்ட் குடு அவனுக்கு.”

“அது விதியில இல்லையே.”

“விதியில இல்ல. நான் சொல்றேன்.”

மாலக்கி எழுந்து ஃபெலிமுக்குப் போன் செய்தார். “எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?” என்பதோடு பேச்சு முடிந்தது.

தன் அணி தோற்ற பிறகு இறுதிப் போட்டியைப் பார்க்கப் போவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. பிறத்தியார் கல்யாணத்தில் என்ன வேலை என்பார்கள். அந்த அக்டோபர் இருபதாம் தேதி மட்டும் ட்ரம்கீலனிலிருந்து இரண்டு பேருந்துகள் புறப்பட்டன. ஒன்று மாலக்கியின் பள்ளிப் பேருந்து. அன்றைக்கு வேறு ஓட்டுநர். நான் மைதானத்துக்குள் வந்தபோது மேடையில் க்ளூன்மோர் ஆட்களும் இன்னொரு நகரத்து கிளப்பின் ஆட்களும் நிறங்களாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நிறத்திலும் சேராத ஒரு கூட்டம், மஞ்சள் கறுப்பில், இடது கம்பத்துக்குப் பின்னால் வேலியோரம் நெருக்கியடித்து நின்றது. அவர்கள் ஆட்டம் பார்க்க வரவில்லை. மாலக்கியைப் பார்க்க வந்திருந்தார்கள்.

அவர் நடந்து வந்தார். டிம்ப்னா இருபுறமும் துணி விட்டுத் தைத்திருந்தார். பழைய வெள்ளைக்கும் புது வெள்ளைக்கும் வித்தியாசம் மேடையிலிருந்தே தெரிந்தது. இரண்டு கொடிகளையும் புல்லில் வைத்தார். கம்பத்தில் முதுகை ஒட்டினார்.

“மாலக்கி! கை ரெண்டும் இருக்கா? வீட்டுல விட்டுட்டு வந்துட்டியா?”

“அந்தக் கோட்டுக்குள்ள எப்படி நுழைஞ்ச, எடமே இல்லையே!”

கன்செப்டாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: “முதுகை நேரா வை! போட்டோ எடுக்கறேன்!”

மாலக்கி திரும்பவில்லை. அம்பயர் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. முதல் பந்து வெளியே போனது. அவர் கை விரிப்பதற்குள் பின்னால் அறுபது ஜோடிக் கைகள் விரிந்தன. சிரில் வலது கம்பத்தில் நின்று சிரிப்பை அடக்க இருமினார். “இன்னிக்கு நாம லீவு போட்டிருக்கலாம் போல,” என்றார்.

முதல் பாதியில் அவர் ஆறு முறை வெள்ளைக் கொடியையும் ஒரு முறை பச்சைக் கொடியையும் தூக்கினார். ஒவ்வொன்றும் வழக்கம்போல, நான் மேலே பார்க்குமுன்பே. பின்னாலிருந்தவர்கள் படிப்படியாகக் கேலியை மறந்து ஆட்டத்துக்குள் போனார்கள். ஃபெலிம் ஒரு காலை இழுத்துக்கொண்டே பந்துக்குப் பின்னால் ஓடினார். இடைவேளையில் இரண்டு அணிகளும் சமன்.

இரண்டாம் பாதியில் பத்தொன்பதாவது நிமிடம். க்ளூன்மோரின் எண் பதினொன்று, இருபது வயது தாண்டாத ஒல்லிப் பையன், மூச்சு வாங்கியபடி, வலப்பக்கம் நாற்பது மீட்டரிலிருந்து உதைத்தான். ஏறக்குறைய ஃபீக்ரா உதைத்த அதே இடம். பந்து அதேபோல் இடது கம்பத்தின் உச்சிக்கு மேலே ஏறியது. பையன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான். மேடையில் ஒரு பாதி எழுந்துவிட்டது. வேலியோரத்தில் மஞ்சள் கறுப்புக் கூட்டம் மூச்சை நிறுத்தியது. இப்போது ஒரு கைகூட விரியவில்லை.

மாலக்கி அண்ணாந்து பார்த்தார். பந்து கடந்துபோய்ப் பின்னால் மண் மேட்டில் விழுந்தது.

அவர் கைகள் அசையவில்லை.

“பாத்தியா?” என்றார் சிரில், உதடு அசையாமல். அம்பயர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள்.

“பாத்துட்டேன்.”

“அப்புறம் என்னய்யா?”

“இரு. அந்தப் பையன் கையைத் தூக்கிட்டு நிக்கறான்.”

பையன் நின்றான். வாய் திறந்து, முகத்தில் மழை விழ, மாவட்டக் கோப்பையையே தலைக்குமேல் பிடித்திருப்பவன்போல. அவன் தாய் மேடையில் எங்கோ இருந்திருப்பார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் அவன் பெயரைக் கூவியது. ஃபெலிம் விசிலை வாயில் வைத்தபடி கம்பத்தைப் பார்த்தார். மைதானமே பார்த்தது. அப்புறம் மாலக்கி கம்பத்திலிருந்து முதுகை எடுத்து, ஓர் அடி முன்னால் வந்து, அந்தப் பையனின் கண்ணைப் பார்த்து, இரண்டு கைகளையும் குறுக்கே வீசி மெல்ல, மிக மெல்ல, அகல விரித்தார். கோட்டின் நடுப் பொத்தான் தெறித்துப் புல்லில் விழுந்தது.

வேலிக்குப் பின்னாலிருந்து ஃபீக்ராவின் குரல் வந்தது, மைதானத்தின் நான்கு மூலைக்கும் கேட்கும்படி:

“அவ்ளோ மெதுவா இல்லப்பா!”

மஞ்சள் கறுப்புக் கூட்டம் வெடித்துச் சிரித்தது. காரணம் தெரியாமல் மேடையும் சிரித்தது. மாலக்கி திரும்பவில்லை. இடது கம்பத்துக்குப் போய் முதுகை ஒட்டிக்கொண்டார். பின்னால் நின்றவர்களுக்கு அவருடைய முகம் தெரியவில்லை. துணி விட்டுத் தைத்த அந்தக் கோட்டின் தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.